விளம்பர மெசேஜ் தொல்லை: வாசகர் கேள்விகளுக்கு பதில்

மெசேஜ் தொல்லை பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதும் குவிஞ்சிருச்சு. ஒரே கேள்வியை பல பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன். ஸ்கிரீன்ஷாட் கூட இல்லாம "இதுக்கு என்ன பண்றது"ன்னு மட்டும் எழுதினவங்களுக்கு ஒண்ணும் பண்றதுக்கில்ல, எதுக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

டிஎன்டி (விளம்பர மெசேஜ் வேண்டாம்னு ஆப்பரேட்டர்கிட்ட பண்ற பதிவு) போட்டு ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. டிஎன்டியே ஏமாத்து வேலையா? (ஈரோடு)

எந்த மெசேஜ்னு சொல்லலையே. அனுப்பினவங்க பேரோட கடைசியில ஒரு கோடு போட்டு ஒத்தை எழுத்து இருக்கும், பாருங்க. 2025-ல இருந்து அது கட்டாயம். பி-ன்னா விளம்பரம், எஸ்-னா சர்வீஸ், டி-ன்னா டிரான்சாக்ஷன், ஜி-ன்னா அரசாங்கம். டிஎன்டி தடுக்கறது பி-யை மட்டும்தான். உங்க கேஸ் புக்கிங், ரீசார்ஜ் முடியப் போகுதுங்கற மெசேஜ் எல்லாம் எஸ்-ல வரும், அது நிக்காது. முழு டிஎன்டி போட்டும் பி-ல வருதுன்னா ரெண்டே காரணம்தான் இருக்கும். ஒண்ணு, நீங்களே எங்கேயோ சம்மதம் குடுத்திருக்கீங்க, ஏன்னா சம்மதம் இருந்தா அது டிஎன்டியை தாண்டி வரும். இல்லைன்னா அவங்க விதியை மீறுறாங்க, 1909-க்கு (விளம்பரத் தொல்லைக்கான புகார் நம்பர்) புகார் போடுங்க. இன்னொண்ணு, உங்க டிஎன்டி முழுசா இருக்கா பாதியா இருக்கான்னு ஆப்பரேட்டர் ஆப்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. பேங்க், ரியல் எஸ்டேட், கல்வி, ஹெல்த்னு மொத்தம் 8 பிரிவு இருக்கு, நிறைய பேர் ரெண்டு மூணை மட்டும் பிளாக் பண்ணிட்டு மொத்தமும் நின்னுடும்னு உக்காந்திருக்காங்க.

முழுசா பிளாக் பண்ணிட்டா ஓடிபி வராம போயிடுமா? (மூணு பேர் கேட்டிருக்கீங்க)

வரும். பயப்படாம போடுங்க.

1909-க்கு புகார் போட்டேன், ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. மெசேஜ் வந்து இருபது நாள் இருக்கும், எரிச்சல்ல அதை அழிச்சிட்டேன், ஞாபகத்துல இருந்து எழுதி அனுப்பினேன். (திருச்சி)

ரிஜெக்ட் பண்ணாம வேற என்ன பண்ணுவாங்க? வந்த 7 நாளுக்குள்ள போடணும், முன்னாடி 3 நாள்தான் இருந்துச்சு, இப்போ கூட்டியிருக்காங்க. வந்த மெசேஜை அப்படியே காப்பி பண்ணி, கமா போட்டு, அனுப்பின நம்பர் இல்லேன்னா ஹெடர் (நம்பருக்கு பதிலா அனுப்பினவங்க பேரா வர்றது), கமா போட்டு, வந்த தேதி, அவ்வளவுதான், இதை 1909-க்கு அனுப்புங்க. டைப் பண்ண சோம்பலா இருந்தா டெலிகாம் ஒழுங்குமுறை அமைப்பான ட்ராயோட டிஎன்டி ஆப் இருக்கு, அதுலயே மெசேஜை தொட்டு புகார் பண்ணலாம். எத்தனை தடவை சொன்னாலும் இதை மறந்துடறீங்க, அதனால திரும்பவும் சொல்றேன்: புகார் முடியற வரைக்கும் மெசேஜை அழிக்காதீங்க.

டிஎன்டி போடாதவங்க புகாரே பண்ண முடியாதா?

பத்து இலக்க சாதா நம்பர்ல இருந்து விளம்பரம் வந்தா பண்ணலாம். 2025 பிப்ரவரியில ட்ராய் விதியை திருத்தினதுக்கு அப்புறம் அதுக்கு டிஎன்டி தேவையில்ல.

துணிக்கடையில பில் போட போன் நம்பர் கேட்டாங்க. தர மாட்டேன்னதுக்கு சிஸ்டம் ஏத்துக்காதுன்னு சொல்றாங்க, பின்னாடி க்யூ வேற நிக்குது, குடுத்துட்டேன். அன்னைக்கு சாயங்காலமே மெசேஜ் ஆரம்பிச்சிருச்சு. சட்டப்படி குடுத்துத்தான் ஆகணுமா? (மதுரை)

வாங்க, இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். குடுக்க வேண்டியதில்ல. சிஸ்டம் ஏத்துக்காதுங்கறது சுத்தப் பொய்ங்க, அந்த சாஃப்ட்வேரை எழுதினவங்க அந்த கட்டத்தை கட்டாயம்னு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான், கடைக்காரர் சொன்னா அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவாங்க. ஜிஎஸ்டிக்கு வேணும்னு இன்னொரு கதை சொல்லுவாங்க. ஜிஎஸ்டி நம்பர் இல்லாத சாதாரண ஆளுக்கு போடற பில்லுல 50,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ஆனா பேரும் அட்ரஸும் வேணும், அதுலயும் போன் நம்பர்னு எந்த விதியிலயும் இல்ல. 2 லட்சத்துக்கு மேல நகை வாங்கினா பான் கேப்பாங்க, அது வருமான வரி சமாச்சாரம், அதையும் இதையும் போட்டு குழப்பிக்காதீங்க.

2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை, நம்பர் தராட்டி பில் போட மாட்டேன்னு சொல்றது நியாயமில்லாத வணிக நடைமுறைன்னு சொல்லி, கடைக்காரங்க சங்கங்களுக்கு எழுதியாச்சு. வருஷங்கள் ஓடிருச்சு, நான் போற கடையில பாதிக்கு மேல முதல் கேள்வியே இன்னும் "போன் நம்பர் சொல்லுங்க" தான், அதுவும் அத்தனை பேர் நிக்கற இடத்துல சத்தமா சொல்லச் சொல்றாங்க, பின்னாடி நிக்கறவன் எழுதிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? அந்த கவுன்டர்ல நிக்கற பொண்ணை திட்டி பிரயோஜனமில்ல, நம்பர் வாங்கலைன்னா அதுக்கு மேனேஜர்கிட்ட பேச்சு விழும். மேனேஜரை கூப்பிடச் சொல்லுங்க. "நம்பர் இல்லாம பில் போட முடியாதுன்னு எழுதிக் குடுங்க, 1915-க்கு போன் பண்ணிக்கறேன்"னு மட்டும் சொல்லிப் பாருங்க. 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். நான் பார்த்த வரைக்கும் அந்த வாக்கியத்துக்கு அப்புறம் சிஸ்டம் ஏத்துக்குது.

வீட்டுக்கு டெலிவரி, ஃபிரிட்ஜ் வாரண்டின்னா நம்பர் குடுக்கத்தான் வேணும். ஆனா டெலிவரிக்கு வாங்கின நம்பர் டெலிவரிக்குத்தான், ஆடித் தள்ளுபடி மெசேஜுக்கு இல்ல, பில்லுக்கு நம்பர் குடுத்ததையே விளம்பரத்துக்கு சம்மதம்னு எடுத்துக்க முடியாது. நீங்க நம்பிக் குடுத்த விவரத்தை கடைக்காரர் இன்னொருத்தருக்கு குடுத்தா அது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துலயே நியாயமில்லாத நடைமுறைன்னு பட்டியல்ல இருக்கு. 2023-ல தனிநபர் தரவு சட்டமும் வந்தாச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான பகுதி அமலுக்கு வர அதுல இருந்து ஒன்றரை வருஷம் டைம் குடுத்திருக்காங்க, அதனால இப்போதைக்கு அதை நம்பி உக்காராதீங்க.

அப்புறம் நம்ம பக்கமும் தப்பு இருக்குங்க. பொருட்காட்சியில குலுக்கல் கூப்பன் குடுத்தா பேரு, நம்பர், பொறந்த நாள், கல்யாண நாள் வரைக்கும் அழகா எழுதி டப்பாவுல போடறோம். கார் பரிசுன்னு போட்ட அந்த டப்பாவுல இருந்து கிளம்பற நம்பர்தான் ஊரெல்லாம் சுத்துது. 127-னு ஆரம்பிக்கற நம்பர்ல இருந்து சம்மதமான்னு கேட்டு மெசேஜ் வந்தாலும் படிக்காம "யெஸ்"னு (சம்மதம்னு) பதில் போடாதீங்க, அது பதிவு பண்ற சம்மதம், டிஎன்டியை தாண்டற சாவி அதுதான்.

நான் அக்கவுன்ட் வெச்சிருக்கற பேங்க்கே லோன் வேணுமான்னு வாரம் நாலு மெசேஜ் அனுப்புது. வாடிக்கையாளர்ங்கறதால கேக்க முடியாதா? (கோவை)

கேக்கலாம். இருப்பு, பிடித்தம் எல்லாம் சொல்றது அவங்க வேலை, லோன் விக்கறது விளம்பரம். எஸ்-ல அனுப்பியிருந்தா அதையும் புகார்ல எழுதுங்க, விளம்பரத்தை சர்வீஸ்னு முகமூடி போட்டு அனுப்பறதே ஒரு மீறல்தான். முதல்ல மெசேஜ்ல நிறுத்தற வழி குடுத்திருப்பாங்க, அதைப் பயன்படுத்துங்க. ஹெடர் நிஜமாவே அந்த பேங்க்தானான்னு ட்ராயோட ஹெடர் போர்டல்ல தேடிப் பாத்துக்கோங்க.

வாட்ஸ்அப்ல வர்ற விளம்பரத்துக்கும் 1909 தானா?

இல்ல. டெலிகாம் விதி வாட்ஸ்அப்புக்கு கிடையாது. ஆப்லயே ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணுங்க. மோசடி வாடை அடிச்சா மத்திய தொலைத்தொடர்பு துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல சக்ஷுன்னு ஒரு பகுதி இருக்கு, வாட்ஸ்அப்பையும் அங்க சொல்லலாம்.

வீட்டுல புடவை வியாபாரம் பண்றேன். என் சொந்த நம்பர்ல இருந்து தெரிஞ்சவங்க ஒரு முந்நூறு பேருக்கு மெசேஜ் அனுப்பினேன், அவுட்கோயிங்கை நிறுத்திட்டாங்க. நான் ஒண்ணும் ஃபிராடு இல்லையே? (சேலம்)

ஃபிராடு இல்லம்மா, ஆனா பதிவு பண்ணாத டெலிமார்க்கெட்டர். பத்து நாளுக்குள்ள அஞ்சு பேர் புகார் பண்ணினாலே நடவடிக்கை, முதல் தடவை 15 நாள் அவுட்கோயிங் கட், திரும்ப பண்ணினா ஒரு வருஷம் உங்க பேர்ல இருக்கற எல்லா கனெக்ஷனும் போகும். தெரிஞ்சவங்கன்னு நீங்க நினைக்கறீங்க, அதுல அஞ்சு பேர் அப்படி நினைக்கல. மெசேஜ்லதான் வியாபாரம் பண்ணணும்னா டிஎல்டிங்கற ஆப்பரேட்டர்களோட பதிவு தளத்துல பதிவு பண்ணுங்க, ஹெடர் வாங்குங்க, மெசேஜ் டெம்ப்ளேட்டை அப்ரூவ் வாங்குங்க, சில ஆயிரம் செலவாகும்.

இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட் பண்ணிடுவோம், இந்த நம்பரை கூப்பிடுங்கன்னு மெசேஜ் வந்துச்சு. கூப்பிட்டேன், ஒரு ஆப் போடச் சொன்னான், போட்டேன், பதினெட்டாயிரம் போச்சு. 1909-ல சொல்லலாமா?

ஐயா, இது மோசடி. 1909-ஐ விடுங்க, 1930-க்கு, அதான் சைபர் மோசடி ஹெல்ப்லைனுக்கு, போன் பண்ணுங்க, இதை படிக்கறத நிறுத்திட்டு இப்பவே பண்ணுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை வழியில எங்கயாவது நிறுத்த முடியும். பேங்க்குக்கும் சொல்லுங்க. போன்ல நெட்டை ஆஃப் பண்ணிட்டு அந்த ஆப்பை தூக்குங்க. இதுக்கெல்லாம் கடிதம் எழுதி பதிலுக்கு காத்துக்கிட்டிருப்பாங்களா? பத்து இலக்க நம்பர்ல இருந்து ஈபி மெசேஜ் வந்தா அது ஈபி இல்ல. மெசேஜ்ல வர்ற லிங்கையும் நம்பரையும் தொடாதீங்க, தொடாதீங்க, தொடாதீங்க.

இத்தனை தொல்லைக்கு எனக்கு நஷ்ட ஈடு கிடைக்குமா? (சென்னை, வக்கீல் நோட்டீஸ் நகலோட)

1909 புகார்ல உங்க கைக்கு ஒரு ரூபாய் வராது. புகார் கணக்கை குறைச்சுக் காட்டற ஆப்பரேட்டருக்கு 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம்னு அபராதம் இருக்கு, அது உங்களுக்கு வர்ற காசு இல்ல. நஷ்ட ஈடு வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். டெலிகாம் கம்பெனி மேல அங்க போக முடியாதுன்னு பழைய வாதம் ஒண்ணு இருந்துச்சு, 2022-ல உச்ச நீதிமன்றம் போகலாம்னு தெளிவா சொல்லிடுச்சு. நீங்க கம்பெனிக்கு குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது. ஆனா உங்க நோட்டீஸை படிச்சேன், 1909 புகார் எண் ஒண்ணு கூட அதுல இல்ல, மெசேஜ் தேதி இல்ல, ஹெடர் இல்ல, "மன உளைச்சல்" மட்டும் ஆறு இடத்துல இருக்கு. முதல்ல நாலஞ்சு புகார் எண் சேருங்க, அதுக்கு அவங்க அனுப்பற பதிலையும் வெச்சுக்கோங்க, அப்புறம் நோட்டீஸை புதுசா எழுதச் சொல்லுங்க.