குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் பட்டர் ஃப்ரூட்

கேள்வி: பண்ணைக்காட்டில் இருக்கும் என் அண்ணன் ஆண்டுதோறும் ஒரு சாக்கு நிறையப் பட்டர் ஃப்ரூட் அனுப்புகிறார். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்துப் பாதி வீணாகிறது. முழுப் பழத்தைத் தண்ணீரில் போட்டு வைத்தால் பல நாள் கெடாது என்று காணொளி ஒன்றில் சொன்னார்கள். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, வத்தலக்குண்டு

பதில்: தண்ணீரில் போட வேண்டாம். தோலில் லிஸ்டீரியா, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருந்தால் அவை நீரில் பெருகக்கூடும் என்றும், லிஸ்டீரியா சதைக்குள்ளும் இறங்கக்கூடும் என்றும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது.

இந்தப் பழத்துக்கு மரத்தைவிட நல்ல சேமிப்பிடம் இல்லை. முற்றிய காய் மரத்தில் இருக்கும்வரை கல் போலவே இருக்கும். பறித்த பிறகுதான் கனியத் தொடங்கும். ஆகவே, மொத்தமாகப் பறிக்காமல், வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து அனுப்பும்படி அண்ணனிடம் சொல்லுங்கள். பறிக்கும்போது காம்பைப் பிடுங்கிவிடாமல், சிறு துண்டு காயோடு நிற்கும்படி கத்தரியால் நறுக்க வேண்டும்; காம்பு பெயர்ந்த குழி வழியாகத்தான் பெரும்பாலும் பூஞ்சணம் நுழைந்து, வெளியே நன்றாகத் தெரியும் பழத்தையும் உள்ளே கறுக்க வைக்கிறது.

காய்கள் வந்ததும் சாக்கிலிருந்து எடுத்து, அடிபட்டவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அடுப்பங்கரைக்கு எட்டத்தில், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வைக்கோல் மீது ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கனியும் பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைப்பதால், தினமும் காம்புப் பக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்து, இளகியதை உடனே பிரித்துவிடுங்கள். வாழைப்பழத்தை அருகில் வைக்கக் கூடாது. அரிசிப் பானையில் புதைப்பதும் பழுக்க வைக்கும் முறைதான்.

வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பழம் சீராகக் கனியாது. வறண்ட காற்று வீசும் நாட்களில், பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, அதை நனைத்துவந்தால் உள்ளே குளிர்ச்சி இருக்கும்; மழைக்கால ஈரக் காற்றில் இதனால் பெரிய பயன் இராது.

கனிந்துவிட்ட பழத்தை ஓரிரு நாளில் சாப்பிட்டுவிட வேண்டும். நறுக்கியதில் எலுமிச்சைச் சாறு தடவினால் நிறம் சற்று நேரம் மாறாதிருக்கும். ஆனாலும், அதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.