அவர் ஏன் மாடிக்குப் போகிறார்?

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். பல நாட்டுக் கால்பந்து ரசிகர்களை ஒன்றுசேர்க்கும் வேலையில் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டு ரசிகர்கள் வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. போன மாதம் வந்த இத்தாலியின் யுவென்டஸ் கிளப் ரசிகர்களும் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ரசிகர்களும் ஒரே மேசையில் உட்கார மறுத்துவிட்டார்கள். மனைவிக்கு இதில் ஈடுபாடு இல்லை, சமைத்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். இந்த ரசிகர்களை எப்படிச் சேர்ப்பது?

பதில்: தம்பி, மேசை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் இந்த இரு அணிகளும் மோதிய ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முன் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வந்ததில், ஒதுங்கி ஓடியவர்கள் நெரிசலில் சிக்கி, சுவரும் இடிந்து 39 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர். 2005-ல் இரு அணிகளும் மறுபடி மோதியபோது, லிவர்பூல்காரர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து இத்தாலிய மொழியில் 'நட்பு' என்று எழுதிக் காட்டினார்கள். எதிரில் யுவென்டஸ் ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள், பலர் முதுகைக் காட்டி நின்றார்கள். இழவு வீட்டில் துக்கம் கேட்காமல் உறவு பேச முடியுமா? நட்பைப் பற்றிப் பேசாதீர்கள். இருவருக்கும் பொதுவான வலியைப் பேசுங்கள். 2021-ல் சூப்பர் லீக் என்று பெரிய கிளப்புகளுக்காகத் தனிப் போட்டி வைத்து, தனிக்கடை போடக் கிளம்பிய 12 கிளப்புகளில் லிவர்பூலும் உண்டு, யுவென்டஸும் உண்டு. ரசிகர்கள் கொதித்ததில் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் இரண்டே நாளில் பின்வாங்கின. வெளியூர் ரசிகருக்கு, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் டிக்கெட் 70 யூரோவுக்கு மேல் போகக்கூடாது என்று 2019-ல் வரம்பு வந்ததும் ரசிகர்கள் சேர்ந்து கேட்டதால்தான்.

சரி, இனி மாடிக்கு வருவோம். யார் யாரோடு உட்கார மறுத்தார் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி எத்தனை பேருக்குச் சமைத்தார் என்று எழுதவில்லை. அவர் சாப்பிட்டாரா என்றும் இல்லை. பத்து வருடத்தில் ஒரு நாளாவது "நீயும் உட்கார்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டீர்களா? ஈடுபாடு இல்லையாம்! கேட்காமலே ஆட்களை வரவழைத்தால் யாருக்கு ஈடுபாடு வரும்?

என் அப்பா ஊர் வழக்கையெல்லாம் தீர்த்துவைத்தவர். என் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் சொல்கிறேன்: விருந்து என்பது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வைப்பது. ஒருவர் வியர்வையில் இன்னொருவர் நல்ல பெயர் வாங்குவது விருந்தே இல்லை.

பூங்கொத்து வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அதுவும் அந்த அட்டை மாதிரிதான். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், அடுத்த கூட்டத்தை வீட்டில் வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால் அன்று நீங்கள் சமையுங்கள். இத்தாலிக்காரர் வெங்காயம் நறுக்கட்டும், லிவர்பூல்காரர் பாத்திரம் துலக்கட்டும். முதல் தட்டு உங்கள் மனைவிக்கு.