அந்தப் படம் யாருடையது?

கேள்வி: குற்றம் செய்து சிறைக்குப் போனவர்களுக்கு வண்ணமும் தூரிகையும் எதற்கு? அது சிறையா, ஓவியப் பள்ளியா? பாதிக்கப்பட்டவர்களை நினைத்துப் பார்த்தீர்களா?

பதில்: தூரிகையை யார் கொடுத்தார்கள்? மியான்மர் ஓவியர் டெயின் லின் 1998 முதல் 2004 வரை அரசியல் கைதி. சிறைச் சீருடையின் வெள்ளைத் துணியில், ஊசி போடும் சிரிஞ்சாலும் சிகரெட் லைட்டராலும் தீட்டினார். காவலர் சிலர் உதவியதால்தான் அந்த ஓவியங்கள் வெளியே வந்தன. துருக்கியில், ராணுவம் இடித்த ஊரை வரைந்ததற்காகவும் சிறைப்பட்டவர் குர்து ஓவியர் ஸெஹ்ரா டோகன். அவருக்கு வண்ணம் மறுக்கப்பட்டது. காபியையும் தேநீரையும் மாதவிடாய்க் குருதியையும் வண்ணமாக்கினார். தோழி ஒருவர் பெரிய தாள்களில் கடிதம் எழுதி, பின்பக்கத்தை வேண்டுமென்றே வெற்றாக விட்டு அனுப்பினார். அந்தப் பின்பக்கங்களில் ஒரு முழுச் சித்திர நூலே உருவானது.

'இவர்கள் அரசியல் கைதிகள், நான் கேட்டது குற்றவாளிகளைப் பற்றி' என்பீர்கள். சரி. அமெரிக்காவின் ஜெஸ்ஸி கிரைம்ஸ் போதைப்பொருள் வழக்கில் உள்ளே போனவர். தலைமுடி ஜெல்லைக் கொண்டு, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து, நாளிதழ்ப் படங்களின் மையைச் சிறைப் படுக்கை விரிப்பில் இறக்கினார். மொத்தம் 39 விரிப்புகள். ஒவ்வொன்றாகத் தபாலில் வெளியே போயின. விடுதலையான பிறகுதான் தன் படைப்பை அவரே முழுதாகப் பார்த்தார். வாங்கிப் பத்திரப்படுத்த வெளியே ஆள் இல்லாதிருந்தால் அந்தப் படைப்பே இல்லை.

உங்கள் கேள்வி பிழைபடும் இடம் இதுதான். சிறைக் கலையைத் தனி ஆளின் பொழுதுபோக்காகப் பார்க்கிறீர்கள். அமெரிக்கத் தென்மேற்கில் மெக்சிகோ வம்சாவளிக் கைதிகள் கைக்குட்டையில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். 'பான்யோ' என்று பெயர். வீட்டிலிருந்து மகளின் புகைப்படம் வரும், அவள் முகம் கைக்குட்டையில் திரும்பிப் போகும். அது இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை. பிறந்தநாளுக்கு வேறெதுவும் வாங்கித் தர வழியில்லாத தகப்பன், தான் இன்னும் தகப்பன்தான் என்று காட்ட அவனிடம் இருப்பது அந்தத் துணி மட்டுமே.

பாதிக்கப்பட்டவர்களின் வலியை நான் மறக்கவில்லை. அதற்கான தண்டனையை நீதிமன்றம் ஆண்டுக் கணக்கில் விதித்துவிட்டது. தகப்பனையும் மகளையும் பிரிக்கும்படி விதிக்கவில்லை. ஆனால் நடப்பது என்ன? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சிறைகளுக்கு வரும் குடும்பக் கடிதங்கள் 2018 முதல் வேறொரு மாநிலமான ஃபுளோரிடாவுக்குப் போய் ஸ்கேன் செய்யப்படுகின்றன. கைதிக்குக் கிடைப்பது நகல். காகிதத்தில் போதைப்பொருள் தடவி வருகிறது என்பது காரணம். பிள்ளை கிரேயானை அழுத்தி அழுத்தி வரைந்த வீடு, விரலுக்குத் தட்டுப்படும் அந்த மெழுகுத் தடிப்பு இல்லாமல் வழவழவென்று வந்து சேர்கிறது. அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது?

சோதனை போடட்டும், தாராளமாகப் போடட்டும். ஆனால் உள்ளே தாளும் பென்சிலும் இருக்கட்டும், வரைந்தது வீட்டுக்குப் போகட்டும், பிள்ளை வரைந்தது அசலாகவே அப்பன் கைக்குப் போய்ச் சேரட்டும்.