பழனியில் 110, பெருமாள்மலையில் மூன்று கோடு

கேள்வி: நாங்கள் ஈரோடு. பெட்ரோல் கார், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகும்' என்று டேஷ்போர்டில் காட்டுகிறதே, என் கணவருக்கு அதுதான் வேதம். போன மாதம் பிள்ளைகளோடு தாராபுரம், பழனி வழியாகக் கொடைக்கானல் போனோம். பழனியில் 110 காட்டியது. "கொடைக்கானலுக்கு 65தான், இன்னும் 45 மிச்சம்" என்று பங்க்கைத் தாண்டிப் போய்விட்டார். மலையில் ஏற ஏற எண் மளமளவென்று இறங்கியது. பெருமாள்மலை வருவதற்குள் எண்ணே போய் மூன்று கோடுதான் நின்றது. ஏசியை அணைத்துவிட்டு, எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். அங்கேயும் 300 ரூபாய்க்குத்தான் போட்டார். கோடு அசையவே இல்லை. இறங்கும்போது நியூட்ரலில் விட்டு இறக்கினார். அடிவாரம் வந்ததும் 130 காட்டியது. "பார்த்தியா, நான் சொல்லலையா" என்கிறார். இறங்கும்போது பெட்ரோல் ஊறுமா? இனிமேல் டிக்கியில் ஒரு ஐந்து லிட்டர் கேன் வைத்துக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பெட்ரோல் ஊறாது சகோதரி. ஆனால் அந்த எண் பொய்யும் சொல்லவில்லை.

டேங்க்கில் எத்தனை லிட்டர் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பு. சமீபத்தில் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு சராசரி. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ரேஞ்ச். மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்து, இந்த வாரம் ஆன செலவை வைத்து 'இன்னும் ஆறு நாள் தாங்கும்' என்று சொல்கிறோமே, அதே கணக்கு. நாளை மறுநாள் மச்சான் வீட்டில் காதுகுத்து என்பது அந்தக் கணக்கில் இருக்காது. உங்கள் வண்டி ஈரோட்டிலிருந்து பழனிவரை சமவெளியில் ஓடி வந்தது. அதே மாதிரிச் சாலை இன்னும் இருந்தால் 110 கிலோமீட்டர் ஓடியும் இருக்கும். எதிரே மலை இருப்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் கணவருக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியாது.

அந்த மலைக்கு என்ன செலவு என்று போட்டே பார்த்துவிடலாம். பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். சின்ன கார், நான்கு பேர், பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க சுமார் 23 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் முக்கால்வாசி சூடாகவே போய்விடும். சக்கரத்துக்கு வருவது எட்டு ஒன்பதுதான். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டும் இரண்டரை லிட்டர். 65 கிலோமீட்டர் தூரத்துக்கான பெட்ரோல் தனி.

உங்கள் வண்டி லிட்டருக்கு 18 கொடுக்கிறது என்றால் பழனியில் காட்டிய 110-க்கு அர்த்தம் சுமார் ஆறு லிட்டர். தூரத்துக்கு மூன்றரை, உயரத்துக்கு இரண்டரை. கூட்டிப் பாருங்கள். உங்கள் கணவர் 'மிச்சம்' என்று சொன்ன 45 கிலோமீட்டரை மலை அப்படியே சாப்பிட்டுவிட்டது. கோடு வந்த பிறகும் வண்டி ஓடியதே என்றால், அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கோட்டுக்குப் போகும்படித்தான் பெரும்பாலான வண்டிகளில் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மிச்சம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். நீங்கள் வந்து சேர்ந்தது அந்த அடி மிச்சத்தில்தான். சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் ஒரு மணி நேரம் நெரிசலில் மாட்டியிருந்தால்? ஏசி போட்டு நின்றாலே மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும்.

கோடாக மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேங்க்குக்குள் ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதக்குமே, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதவை ஏறி இறங்குவதை வைத்துத்தான் அளவு தெரிகிறது. டேங்க்கோ பின்சீட்டுக்கு அடியில் இருக்கிற இடத்துக்கு ஏற்ப நெளித்துச் செய்தது. மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், கொண்டை ஊசி வளைவில் இன்னொரு பக்கம். நிறைய இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. நாலு லிட்டர் கிடக்கும்போது மிதவை சொல்வதில் நம்ப ஒன்றுமில்லை. நம்பாத எண்ணைக் காட்டுவதற்குப் பதில் கோடு போட்டுவிடுவோம் என்று சில கம்பெனிகள் முடிவு செய்திருக்கின்றன. நேர்மையான முடிவுதான் என்பேன்.

300 ரூபாய்க்குப் போட்டும் எண் திரும்ப வராததற்கும் இதில் பதில் இருக்கிறது. மூன்று லிட்டர்கூட வராத தொகை அது. மிதவை ஆடும் ஆட்டத்தை எல்லாம் நம்பிவிடக் கூடாது என்பதற்காக, சின்ன மாற்றத்தை உடனே கணக்கில் சேர்க்காதபடி பல வண்டிகளில் வைத்திருக்கிறார்கள். கொஞ்சமாகப் போட்டால் 'இதுவும் குலுங்கல்தான்' என்று அது நினைத்துக்கொள்ளும்.

சரி, இறக்கம். காலை எடுத்துவிட்டு இறங்கும்போது செலவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, தூரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. சராசரி ஏறுகிறது, கூடவே எண்ணும் ஏறுகிறது. அடிவாரத்தில் வண்டி சொன்ன 130, 'இப்படியே இறங்கிக்கொண்டே இருந்தால்' 130. தாராபுரம் சாலையில் ஒரு இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியதும் அது எங்கே போய் நின்றது என்று உங்கள் கணவரைக் கேட்டுப் பாருங்கள். அதை மட்டும் அவர் கடிதத்தில் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்.

நியூட்ரல் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் போவது அடியோடு நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் தன் காலில் நின்றாக வேண்டும், அதற்குப் பெட்ரோல் குடிக்கும். அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவர் செய்தது கூடுதல் செலவு. செலவு போகட்டும், 1,800 மீட்டர் இறக்கம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். பிரேக் சூடேறிப் போய், பெடல் இறங்கும், வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர்கள் சொல்வது சும்மா இல்லை. மற்றதில் எல்லாம் நீங்கள் அவரிடம் தணிந்து பேசலாம், இதில் வேண்டாம்.

எனக்கும் ஒரு தடவை பட்டது. நண்பரின் டீசல் வண்டி, பெரம்பலூர் தாண்டித் திருச்சி போகும் வழி, இரவு பதினொன்று. 40 காட்டியது, எனக்கும் அது வேதமாகத்தான் இருந்தது. அதற்குள் இரண்டு குலுக்கல், என்ஜின் நின்றது. ஓடும் வேகத்தில் ஓரம் கட்டினோம். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக் முதல் இரண்டு மிதிக்கு வேலை செய்தது, மூன்றாவது மிதிக்கு ஏறி நிற்க வேண்டியிருந்தது. லாரிகள் ஒவ்வொன்றும் வண்டியை ஆட்டிவிட்டுப் போயின. ஒருவழியாக டீசல் வாங்கி ஊற்றியும் வண்டி எடுக்கவில்லை. லைனுக்குள் காற்று புகுந்துவிட்டதாம். மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பக்கத்தில் இருந்த ரப்பர் உருண்டையை அமுக்கிக்கொண்டே இருந்தார். முதலில் பஞ்சு மாதிரி அமுங்கியது, பத்து இருபது தடவைக்குப் பிறகு எலுமிச்சம்பழம் மாதிரி இறுகியது. "இப்ப போடுங்க சாவிய" என்றார். அவருக்குக் கொடுத்த காசில் பாதி டேங்க் நிரம்பியிருக்கும்.

பெட்ரோல் வண்டியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்கு உள்ளேயே இருக்கிறது, அதைக் குளிர வைப்பதே சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். அடிக்கடி வறள விட்டால் அதன் ஆயுள் குறையும். 'அடியில் கிடக்கும் கசடை இழுத்துவிடும்' என்று வேறு பயமுறுத்துவார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் இழுக்கிறது.

கேன் வேண்டவே வேண்டாம். வெயிலில் நின்ற காரின் டிக்கியில் பெட்ரோல் கேன், முன்னால் பிள்ளைகள் என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆவி கசிந்து உள்ளே நிறைய ஒரு ஓட்டை மூடி போதும். பல பங்க்குகளில் கேனில் கொடுக்கவும் மாட்டார்கள். அந்த ஐந்து லிட்டரையும் டேங்க்கிலேயே போடுங்கள். 'எடை கூடினால் மைலேஜ் குறையும்' என்று அவர் ஆரம்பித்தால், 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோதான், ஒரு அரிசி சிப்பம்கூட வராது என்று சொல்லுங்கள்.

மற்றபடி அந்த எண்ணைத் தூக்கிப் போட வேண்டாம். சேலம் போகிறீர்கள், கோவை போகிறீர்கள், 200 காட்டுகிறது, தாராளமாக நம்பலாம். 100-க்குக் கீழே வந்தால் முள்ளைப் பாருங்கள். கால் டேங்க்குக்கு வந்துவிட்டால் அடுத்த பங்க்கில் நிறுத்திவிட வேண்டும். மலை ஏறுவதென்றால் அடிவாரத்தில் பாதி டேங்க்காவது இருக்கட்டும். ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப் மீட்டரை சைபராக்கி, அடுத்த ஃபுல் டேங்க் போடும்போது ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். எண் பிடிக்கும் மனிதர் போலத் தெரிகிறது, இது அவருக்குப் பிடித்துப் போகலாம்.

தப்பித் தவறி தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அடியுங்கள். இன்சூரன்ஸில் ரோட்டோர உதவி சேர்த்திருக்கிறதா என்றும் பாலிசியை எடுத்துப் பாருங்கள். இருந்தால் சிலவற்றில் எரிபொருள் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கடைசியாக ஒரு குறுக்கு வழி. அடுத்த தடவை பழனிக்குள் நுழைந்து பங்க் கண்ணில் பட்டதும், "பிள்ளைக்கு பாத்ரூம் போகணுமாம்" என்று சொல்லுங்கள். வண்டி நின்றுதான் ஆக வேண்டும். நின்றதுதான் நின்றோம், ஒரு ஆயிரத்துக்குப் போட்டுவிடலாமே என்று அவரே சொல்லும்வரை மெதுவாகத் திரும்பி வாருங்கள். பங்க் மெஷினில் மீட்டர் சைபரில் இருக்கிறதா என்று மட்டும் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.