‘கள்’ளா, ‘உடைய’வா? அப்பாஸ்ட்ரபி பற்றிப் பெற்றோர் கேட்டவை

கேள்வி: மேடம், என் மகள் ஆங்கிலம் எழுதும்போது எஸ் எழுத்தைக் கண்டாலே தலைக்கு மேல் அப்பாஸ்ட்ரபி (’) குறி போட்டுவிடுகிறாள். பல பூனைகள் என்று எழுதும்போதும் ‘கேட்’ஸ்’ தான். எப்படித் திருத்துவது?

பதில்: அவள் கவனக்குறைவாக இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். ‘பூனைகள்’, ‘பூனையுடைய’ இரண்டுமே ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்றுபோல ‘கேட்ஸ்’ என்றுதான் கேட்கும். சத்தத்தை வைத்துப் பிரிக்க வழியே இல்லை, பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

அதற்கு நம் பிள்ளைகளிடம் நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘பூனைகள் தூங்குகின்றன’ என்றால் ‘கள்’ வருகிறது, குறி வேண்டாம். ‘பூனையுடைய வால்’ என்றால் ‘உடைய’ வருகிறது, குறி வேண்டும். பேச்சில் குழந்தை ‘பூனையோட வால்’ என்றுதான் சொல்லும், அதுவும் சரிதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு: ‘அம்மாவோட கடைக்குப் போனேன்’ என்பதிலும் அதே ‘ஓட’ இருக்கிறது, அங்கே உடைமை இல்லை. அதனால் கூடவே ‘யாருடையது?’ என்றும் கேளுங்கள். பதில் வந்தால் குறி, வராவிட்டால் இல்லை.

கேள்வி: குறி எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா? எனக்கே குழப்பம்.

பதில்: ‘ஒருமைக்கு முன்னால், பன்மைக்குப் பின்னால்’ என்று சொல்லிக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ‘சில்ட்ரன்’ வந்ததும் அந்த விதி உடைந்துவிடும்.

உடையவர் யாரோ, அந்தச் சொல்லை முதலில் முழுதாக எழுதி முடிக்க வேண்டும். அப்புறம்தான் குறி. தமிழில் ‘பையன்களுடைய’ என்பதைப் பாருங்கள்: பையன், கள், உடைய. பன்மை முதலில், உடைமை பிறகு. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். ஒரு பையனுடைய அறை என்றால் ‘பாய்’ என்று எழுதி, குறி போட்டு, எஸ் சேர்க்கிறோம்: பாய்’ஸ் ரூம். பல பையன்களுடைய அறை என்றால் ‘பாய்ஸ்’ என்று முடித்துவிட்டுக் குறி போடுகிறோம்: பாய்ஸ்’ ரூம். ஏற்கெனவே பன்மை எஸ் இருப்பதால் இன்னொன்று தேவையில்லை. ‘சில்ட்ரன்’, ‘மென்’ போன்றவை எஸ் இல்லாமலே பன்மை ஆனவை. அதனால் குறியும் எஸ்ஸும் இரண்டும் வரும்: சில்ட்ரன்’ஸ், மென்’ஸ்.

வீட்டில் செய்ய எளிது. உடையவரின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘ஒருவரா, பலரா?’ என்று கேட்டு அதை முடிக்க வையுங்கள். குறியைக் கடைசியில் வேறு நிறப் பென்சிலில் போடட்டும்.

கேள்வி: ‘இட்ஸ்’ மட்டும் பத்துத் தடவை சொல்லியும் தப்பாகவே வருகிறது.

பதில்: குழந்தையின் தர்க்கம் இங்கே சரியானது. ‘நாயுடைய’வுக்குக் குறி உண்டென்றால் ‘அதனுடைய’வுக்கும் இருக்க வேண்டும் அல்லவா? 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சிலேயே அப்படிக் குறி போட்ட ‘இட்’ஸ்’ உடைமைப் பொருளில் வந்திருக்கிறது. எனவே திட்டாதீர்கள்.

‘ஹிஸ்’ஸை முன்னால் வையுங்கள். அதில் யாரும் குறி போடுவதில்லை. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ், இட்ஸ் எல்லாம் ஒரே குடும்பம், பிறக்கும்போதே உடைமையோடு பிறந்த சொற்கள். குறி போட்ட ‘இட்’ஸ்’ வந்தால் அது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’. சந்தேகம் வந்தால் விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். ‘நாய் அது இருக்கிறது வாலை ஆட்டியது’ என்பது போல வாக்கியம் கெட்டால் குறியை எடுத்துவிடலாம்.

கேள்வி: ‘இந்தக் குறி எதுக்கு?’ என்று மகன் கேட்கிறான். என்ன சொல்ல?

பதில்: விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டுவதற்காக 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்கள் உடைமைக்கு ‘இஎஸ்’ என்று முடிந்தன. அதில் ‘இ’ உச்சரிப்பில் உதிர்ந்தது, அந்த இடத்தில் குறி நின்றுவிட்டது. ‘டோன்ட்’டில் நிற்பதும் விடுபட்ட எழுத்துக்காகத்தான். காரணம் கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள், விதியைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

கேள்வி: எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: இங்கிலாந்தில் 2014 முதல் நடப்பில் உள்ள பாடத்திட்டம் ஒருமை உடைமையை 6, 7 வயதிலும், பன்மை உடைமையை அதற்கடுத்த இரண்டு வகுப்புகளிலும் வைத்திருக்கிறது. அந்த இடைவெளி முக்கியம். இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்துவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: ‘ஜேம்ஸ்’ மாதிரி எஸ்ஸில் முடியும் பெயர்?

பதில்: குறி மட்டும் போடுவதும் உண்டு, குறியோடு எஸ் சேர்ப்பதும் உண்டு. பள்ளிப் புத்தகம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, தம்பி இருவருக்கும் ஒரே அறை என்றால்?

பதில்: கடைசிப் பெயருக்கு மட்டும் குறி. ஆளுக்கொரு அறை என்றால் இரண்டு பெயருக்கும்.

கேள்வி: நிறைய பயிற்சித் தாள் கொடுத்தேன், எல்லாம் சரியாகப் போடுகிறான். கட்டுரையில் மட்டும் தவறு.

பதில்: அந்தத் தாள்களில் எல்லா வாக்கியத்திலும் குறி வேண்டியிருக்கும், அதனால் யோசிக்காமலே போட்டுவிடலாம். குறி தேவையில்லாத வாக்கியங்களைப் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள். கட்டுரையைத் திருத்தும்போது சிவப்பு மையில் நீங்களே மாற்றிவிடாதீர்கள். வரியின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு, ‘யாருடையது?’ என்று கேளுங்கள். அந்த வரியில் எந்தச் சொல் என்பதை அவனே தேடட்டும்.