“காயம் இல்லை, மூன்று வாரம் ஆகிவிட்டது”: பாலியல் வன்முறைப் புகார் நிற்குமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. உடன் வேலை பார்ப்பவரோடு சில மாதங்கள் பழகி வந்தாள். போன மாதம் அவருடைய அறைக்குத் தானாகத்தான் போனாள். அங்கே வேண்டாம் என்று சொல்லியும் அவர் விடவில்லை. பயத்தில் உடம்பு மரத்துப்போய், கத்தவோ தள்ளிவிடவோ முடியவில்லை என்கிறாள். அன்றிரவு ‘வீட்டுக்கு வந்துட்டேன்’ என்று அவருக்கு வாட்ஸ்அப்பும் அனுப்பியிருக்கிறாள். எங்களிடம் சொல்லவே மூன்று வாரம் ஆனது. ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, ‘காயம் இல்லை, பழக்கமும் இருந்திருக்கு, கேஸ் நிக்காது’ என்கிறார்கள். உண்மைதானா?

பதில்: இல்லை. அவர்கள் சொன்ன எதுவும் வழக்குப் பதியாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. தண்டனை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை, அடுத்த சில நாட்களில் எது எப்படி எழுதப்படுகிறது, எது பத்திரப்படுத்தப்படுகிறது என்பதில்தான் பெருமளவு இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதன் 63-ஆம் பிரிவு சம்மதத்துக்குத் தரும் விளக்கம் தெளிவானது: சொல்லாலோ சைகையாலோ வேறு விதத்திலோ, குறிப்பிட்ட அந்தச் செயலுக்குப் பெண் தன் விருப்பத்தை ஐயத்துக்கு இடமின்றித் தானாகத் தெரிவிக்க வேண்டும். அறைக்குப் போக ஒப்புக்கொண்டது உறவுக்கு ஒப்புக்கொண்டது ஆகாது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. முந்தைய பழக்கத்தைப் பொறுத்தவரை, பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 48-ஆம் பிரிவு ஒரு கதவை அடைத்துவிட்டது: சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்குப் பெண்ணின் நடத்தையோ, யாருடனான முந்தைய பாலுறவு அனுபவமோ பொருத்தமான சாட்சியம் அல்ல.

ஏட்டில் இருப்பது இது. நடைமுறையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழக்கத்தைத்தான் முதலில் எடுப்பார். 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஏற்கெனவே அறிமுகமான இருவருக்கு இடையேயான ஒரு வழக்கில், மறுப்பு வலுவாகத் தெரிவிக்கப்படவில்லை என்ற கோணத்தில் ஐயத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தந்து விடுவித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. சட்டத்தின் வாசகத்தோடு ஒட்டாத தீர்ப்பு என்பது என் கருத்து. ஆனாலும் அதில் எச்சரிக்கை இருக்கிறது: ‘வேண்டாம்’ எப்படிச் சொல்லப்பட்டது, அது அவருக்குப் புரிந்ததா என்பது புகாரிலேயே இருந்தாக வேண்டும்.

முதலில் எஃப்.ஐ.ஆர். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. அதை வைத்துக் கைதும் கிடையாது, குற்றப்பத்திரிகையும் கிடையாது. ‘முதல்கட்ட விசாரணை முடியட்டும்’ என்பதும் இங்கே செல்லாது. அந்த வசதியை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவு, அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுக்குக் குறைவாக உள்ள குற்றங்களுக்கே தருகிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பெண் காவல் அதிகாரிதான் அதைப் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எஸ்.பி.க்கு, மாநகரமானால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். இந்தக் குற்றத்தில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவில் குறைந்தது 6 மாதக் கடுங்காவல் உண்டு. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே சில இடங்களில் பேனா நகர்கிறது.

இனி, வழக்குகள் அதிகம் சறுக்கும் இடமான புகாரின் வாசகம். கூச்சத்தில் ‘தவறாக நடந்துகொண்டார்’ என்று எழுதிவிட்டால், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்ததாக நியாய சன்ஹிதாவின் 74-ஆம் பிரிவில் போட்டு முடித்துவிடுவார்கள். 63-ஆம் பிரிவு ஆணுறுப்பை மட்டும் பேசவில்லை. விரல், வேறு பொருள், வாய் எல்லாம் அதில் அடங்கும். எவ்வளவு தூரம் உட்செலுத்தப்பட்டது என்பதும் முக்கியமில்லை. எனவே என்ன செய்தார் என்பது நேரடிச் சொற்களில் இருக்கட்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, வழக்கை வலுவாக்குவதாக நினைத்துச் சேர்ப்பது. ‘கத்திக் கூச்சலிட்டேன்’ என்று ஸ்டேஷன் ரைட்டர் தன் பழக்கப்படி எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். கத்தவில்லை, உடம்பு மரத்துப்போனது என்பதே உண்மை என்றால் அதுவே இருக்கட்டும். ‘திருமண ஆசை காட்டி’ என்ற வரியை நடக்காத இடத்தில் நுழைப்பது இதைவிட ஆபத்து. பொய் வாக்குறுதி வழக்கு 69-ஆம் பிரிவில் வருவது. ஏமாற்றப்பட்டாலும் அவள் இணங்கினாள் என்பது அதன் அடிப்படை. உங்கள் தங்கை சொல்வதோ, இணங்கவே இல்லை என்பது. இரண்டையும் ஒரே புகாரில் கலந்தால் ஒன்று மற்றொன்றை வெட்டிவிடும்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை மறைக்காதீர்கள். ஏன் அனுப்பினாள் என்பதை அவளே புகாரில் சொல்லிவிட வேண்டும். பிறகு எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்போது சொன்னால், இட்டுக்கட்டிய விளக்கம் போலத் தெரியும். தாமதத்துக்கும் அப்படியே: யாரிடம் எப்போது முதலில் சொன்னாள், எதற்கு அஞ்சினாள் என்று இரண்டு வரி போதும். நேரம் நினைவில்லை என்றால் ‘சுமார்’ என்றே சொல்லலாம். எஃப்.ஐ.ஆர்., போலீஸ் வாக்குமூலம், டாக்டரிடம் சொன்னது, சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் பதியும் வாக்குமூலம், நீதிமன்றச் சாட்சியம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் குறுக்கு விசாரணை நடக்கும். சின்னச் சின்ன வேறுபாடுகளை நீதிபதிகள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் முக்கியமான ஒன்று முதல்முறையாகக் கூண்டில் வந்தால் கேள்வி எழும்.

மருத்துவப் பரிசோதனையில் இனி விந்தணு கிடைக்காது. அரசு வழிகாட்டுதல்படி அந்த மாதிரிகள் எடுப்பது 96 மணி நேரத்துக்குள்தான். இருந்தாலும் போக வேண்டும்: கர்ப்பம், பால்வினைத் தொற்று, அவள் சொல்லும் விவரத்தின் பதிவு ஆகியவற்றுக்காக. புகார் பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அனுப்ப வேண்டும். உள்பரிசோதனையை அவள் மறுக்கலாம். மறுத்தாலும் சிகிச்சை உண்டு, தனியார் மருத்துவமனையிலும் இலவசம். இரு விரல் பரிசோதனை (முன்பே உறவு இருந்ததா என்று பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்ப்பது) கூடவே கூடாது. அதைச் செய்வது ஒழுங்கீனம் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடந்தது பாலியல் வன்முறையா என்று தீர்ப்புச் சொல்வது டாக்டரின் வேலை அல்ல. காயம் இல்லை என்ற குறிப்பு அவளது சாட்சியத்தைப் பொய்யாக்காது. அன்று போட்டிருந்த துணியைத் துவைத்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இன்றே செய்ய வேண்டியது சிசிடிவிதான். பல கட்டடங்களில் பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து, புதியது மேலேறிவிடும். எந்தக் கட்டடம், எந்தத் தேதி, எந்த நேரம் என்று எழுதி, அதைக் கைப்பற்றக் கோரி ஸ்டேஷனில் தனி மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். உரையாடலில் ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. தானாக மறையும் செய்தி அமைப்பு இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். நகலாகத் தரும் மின்னணுப் பதிவுக்கு சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் (அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்வது) வேண்டும். அது விட்டுப்போய் நல்ல ஆதாரம் வெளியே நின்ற வழக்குகள் உண்டு.

நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும். அதற்குப் பாதிக்கப்பட்டவரின் நம்பத்தகுந்த சாட்சியம் ஒன்றே போதும் என்று 1996-இல் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிலைக்கிறது. அந்தச் சாட்சியத்தில் ஓட்டை இருந்தால்தான் நீதிபதி வேறு ஆதாரம் தேடுவார். முதலில் விஷயத்தைக் கேட்ட தோழி, அன்றைக்குப் பிறகு வேலைக்குப் போகாத நாட்களின் வருகைப் பதிவு, இருவரின் போன் அழைப்பு விவரம் எல்லாம் அப்போது துணை நிற்கும்.

அந்த நபர் வெறும் சக ஊழியரா, அவளுக்கு மேலதிகாரியா என்று நீங்கள் எழுதவில்லை. அது பெரிய வேறுபாடு. அவளைக் கட்டுப்படுத்தும் நிலையில் இருந்தவர் என்றால் நியாய சன்ஹிதாவின் 64-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வரும். அப்போது, உறவு நடந்தது நிறுவப்பட்டு, சம்மதிக்கவில்லை என்று அவள் சாட்சியம் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். அதை முறியடிப்பது அவர் பொறுப்பு. எனவே அவருடைய பதவியைப் புகாரில் குறிப்பிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் அலுவலக உள்ளகக் குழுவிடமும் தனியாகப் புகார் தரலாம். அதற்குக் கெடு சம்பவத்திலிருந்து 3 மாதம்.

இடையில் யாராவது சமரசம் பேச வந்தால், இது சமரசத்தில் முடிக்கக்கூடிய குற்றம் அல்ல என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதைத் தெரிவித்துவிடுங்கள். அந்த நபரை நீங்கள் நேரில் போய்க் கேட்கவும் வேண்டாம். மிரட்டினார்கள் என்ற எதிர்ப்புகாருக்கு அதுவே வாய்ப்பாகிவிடும். இலவச வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் அழையுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் பெண்கள் உதவி எண் 181.