இங்கிலாந்தில் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் பள்ளி மேம்பாட்டுக்கும் உள்ளாட்சி மன்றம் எவ்வாறு உதவுகிறது?

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் பராமரிக்கும் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் பெற்றோரும் ஊர்மக்களும் ஊதியமின்றிப் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய தகவலையும் பயிற்சியையும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்யும் கடமையை 2002ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மன்றத்திடம் ஒப்படைத்துள்ளது. தலைமையாசிரியர் நீட்டும் தேர்ச்சி அட்டவணையைப் பார்த்து, “இலவச உணவு பெறும் ஏழைக் குடும்பப் பிள்ளைகள் மட்டும் வாசிப்பில் ஏன் பின்தங்குகிறார்கள்?” என்று ஒரு பெற்றோர் உறுப்பினர் கேட்பதற்கான தெளிவைத் தருவது இப்பயிற்சிதான், உண்மையான முன்னேற்றம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்பேன். பள்ளி மிகவும் சரிந்துவிட்டால், 2006ஆம் ஆண்டுக் கல்வி மற்றும் ஆய்வுச் சட்டத்தின்படி மன்றம் எச்சரிக்கை அறிவிப்பு அனுப்பலாம். பள்ளி அதற்கு இணங்காதபோது கூடுதல் உறுப்பினர்களை நியமிக்கலாம், அல்லது கல்வி அமைச்சரின் ஒப்புதலோடு குழுவையே நீக்கி இடைக்கால நிர்வாகக் குழுவை அமர்த்தலாம். மன்றத்தின் பராமரிப்பில் இல்லாமல் மைய அரசின் நிதியில் நேரடியாக இயங்கும் அகாடமி பள்ளிகளிடம் இந்த அதிகாரம் செல்லாது. கடமைகள் அப்படியே இருக்க, மேம்பாட்டுப் பணிக்கென மன்றங்களுக்குத் தனியே வழங்கிவந்த மானியத்தை அரசு 2023இல் நிறுத்தியது வருந்தத்தக்கது.